ஸ்பேர் பட்டன்ஸின் மூன்றாவது பாட்டு

இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பத்தியில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். நினைவிருக்கிறதா? எண்பதுகளில் ரொறன்ரோவின் பார்க்டேலில் வாசித்து, பிறகு எல்லோரும் மறந்துபோன மொட் இசைப் பாண்டுகளைப் பற்றி எழுதினேனே... மொத்தம் நான்கு, அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்லி முடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது.

"தம்பி, நான் பிக்கரிங்கில இரிந்து செல்வி கதைக்கிறன். நீங்க ஒண்டை விட்டிட்டீங்க."

"எதை அக்கா?"

"ஸ்பேர் பட்டன்ஸ்."

முப்பது வருடத்துக்கு மேலாக இசைத்தட்டுச் சேர்க்கிறவன் நான். அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. தையல் சாமான் ஏதோ கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உங்களுக்கு எப்பிடி அவையளைத் தெரியும்?"

"அவங்கட காற்சட்டையெல்லாம் நான்தானே ஒடுக்கினன்!"

அந்தப் பத்தியை வாசிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மொட் என்பது அறுபதுகளில் லண்டனில் தொடங்கிய மோகம் — ஒடுங்கிய சூட், மெல்லிய டை, ஸ்கூட்டர், விறுவிறுவென்று ஓடும் கிற்றார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து இன்னொரு தலைமுறை அதே உடுப்பையும் அதே வேகத்தையும் தூசிதட்டி எடுத்தது. அந்த அலை ரொறன்ரோவுக்கு வந்துசேரக் கொஞ்சம் பிந்திவிட்டது. பிந்தி வந்ததாலோ என்னவோ, இங்கிருந்த பாண்டுகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பிக்கரிங் போனேன். செல்வி அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். மட்டக்களப்புக்காரர். கணவர் தங்கராசா அண்ணை பள்ளிக்கூட பஸ் ஓடி ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரு மூலைக் கதிரையில் இருந்துகொண்டார். பேச்சு முழுக்க அக்காதான்.

கல்யாணமாகி எட்டாம் மாதம் தனியாகக் கனடா வந்தவர் அவர். கணவர் போர் நடந்த ஊரில் மாட்டுப்பட்டுவிட்டார். பார்க்டேலில் ஒரு லோண்ட்ரியில் உடுப்புத் திருத்தும் வேலை. அங்கேதான் அந்த நாலு பெடியளும் வந்திருக்கிறார்கள்... பழைய உடுப்புக் கடையில் வாங்கிய, செத்துப்போன தாத்தாமாருடைய சூட்டுகளைத் தூக்கிக்கொண்டு.

"ஒடுக்கு, ஒடுக்கு எண்டாங்க. ஒடுக்கினன். இன்னும் ஒடுக்கு எண்டாங்க. மறுகா பாத்தா ஒருத்தனுக்குக் கால் உள்ளுக்கே போகுதில்ல!"

பாட்டுக்காரன் பெயர் கரி (Gary). இவருடைய உடைந்த ஆங்கிலத்துக்குச் சிரிக்காமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பானாம். ஒரு நாள் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து கையில் வைத்தான். ஒத்திகை அறையில் தாங்களே பதிந்த மூன்று பாட்டு. ஒரு பக்கம்தான் நிறைந்திருந்தது. மறுபக்கம் வெறுமை.

அந்தக் கிழமை ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று செய்தி வருகிறது. கணவருக்குக் குரல் அனுப்ப வேண்டும். கையில் வேறு கசெற் இல்லை. என்ன செய்வார்? கரியின் கசெற்றைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் முழுக்கப் பேசி அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில்தான் மூலையில் இருந்த அண்ணை வாய் திறந்தார்.

"அப்ப எங்களுக்குக் கரண்ட் இல்ல. பற்றறிக்கும் தட்டுப்பாடு. இவட குரலைத் திரும்பக் கேக்கிறதெண்டா பின்னுக்குச் சுத்தி எடுக்கணும். சுத்தினா பற்றறி சும்மா இறங்கிப்போகும். அதால சுத்துறதில்ல. கசெற்றைத் திருப்பிப் போட்டு மத்தப் பக்கத்தை முழுக்கக் கேப்பன். அது முடிய, இவ தொடங்குவா."

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. மனைவியின் குரலை அடைய வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஸ்பேர் பட்டன்ஸைக் கடந்துதான் போக வேண்டும்!

"எவ்வளவு காலம் அண்ணை?"

"மூணு வருசம். கனடா எண்டா எனக்கு அந்தச் சத்தம்தான்."

கனடா வரும்போது சட்டைப் பையில் அந்தக் கசெற்றையும் கொண்டுவந்திருக்கிறார். அக்கா பழைய கசெற் ரேடியோ ஒன்றை எடுத்துவந்து கசெற்றைப் போட்டார். இரைச்சல்... பிறகு திடீரென்று ஓர்கன், அதை வெட்டிக்கொண்டு கிற்றார், இரண்டையும் துரத்திக்கொண்டு ட்ரம்ஸ். நான் பட்டியல் போட்ட நாலு பாண்டுகளில் ஒன்றுகூட இதற்குக் கிட்ட வராது. அப்படி ஒரு துள்ளல்!

முதல் இரண்டு பாட்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவது, முதல் சரணத்தோடு இழுபட்டு, முனகி, நின்றுவிட்டது.

"அது இவர் வாறதுக்கு முந்தின மாசம் ஊரில மெசின் திண்டுட்டு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து, பழைய இசைத்தட்டுச் சேர்ப்பவர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் அந்தப் பெயரை மட்டும் போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். 'இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாட்டுக்காரன்.'

கரிதான். இசைத்தட்டு ஒன்றும் வெளிவரவில்லையாம். ஒத்திகைப் பதிவுகள் எல்லாம் ஒரு நிலவறையில் இருந்தன. தண்ணீர் புகுந்ததில் போய்விட்டன. ஒவ்வொருவரும் மற்றவனிடம் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே காலத்தைக் கடத்தியிருக்கிறார்கள். ஒருவரிடமும் இல்லை. 'அப்படி ஒரு பாண்ட் இருந்தது என்றால் என் பிள்ளைகள்கூட நம்புவதில்லை' என்று எழுதியிருந்தார்.

போன ஞாயிறு மத்தியானம் அவரைப் பிக்கரிங்குக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை இடுப்பில் வந்து நின்றது. "இனி இவருக்கு ஒடுக்க ஏலா, தம்பி!" நான் மொழிபெயர்த்தேன். கரி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முடியுமுன்னே கண் கலங்கிவிட்டது.

கசெற் ஓடியது. இரண்டு பாட்டும் முடியும்வரை அவர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். ட்ரம்ஸ்காரன் எங்கோ ஓரிடத்தில் பிழைவிட, "டேவ்!" என்று மட்டும் முணுமுணுத்தார். மூன்றாவது பாட்டு வழக்கமான இடத்தில் முனகி நின்றது. அக்கா நிறுத்தினார்.

"அதற்குப் பிறகு வரும் வரிகளை எத்தனையோ வருடமாக யோசித்துப் பார்க்கிறேன்" என்றார் கரி. "வரவே இல்லை."

நான் அதையும் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை... மூலையிலிருந்து ஒரு குரல்.

தங்கராசா அண்ணை பாடிக்கொண்டிருந்தார்!

கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தால் தாளம் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து. கேட்ட காலத்தில் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சொல் சொல்லாக அல்ல, சத்தம் சத்தமாக மனதில் ஏறியிருந்தது. சொற்கள் பாதி ஆங்கிலம், பாதி எந்த மொழி என்றே தெரியாது. ஆனால் மெட்டு அச்சுப் பிசகவில்லை. ஓர்கன் வரும் இடத்தில் வாயாலேயே ஓர்கனும் வாசித்தார். கரி எழுந்து நின்றுவிட்டார். பிறகு மெல்ல அவரும் சேர்ந்துகொண்டார் — சொந்தப் பாட்டிலேயே அரைத் தாளம் பிந்தி.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களைப்போன்ற சேகரிப்பாளர்கள் தட்டு வந்ததா, வானொலியில் போட்டார்களா என்று பார்த்துத்தான் ஒரு பாண்டை வரலாற்றில் சேர்க்கிறோம். பார்க்டேலைத் தாண்டி எங்குமே வாசிக்காத ஒரு பாண்டை, மட்டக்களப்பில் ஒரு மனிதர் மூன்று வருடம் மனப்பாடம் செய்திருக்கிறார். இதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

பாட்டு முடிந்ததும் கரிக்கு ஒரு சந்தேகம். "நான் எழுதியது 'மேரி, போகாதே' என்று. இவர் 'மாரி, மாரி' என்கிறாரே... யார் அது?"

அண்ணை என்னைப் பார்த்தார். "மாரி எண்டா மாரி மழைதானே? மழையைக் கெஞ்சிக் கூப்பிடுறான், இவனும் நம்மளப்போல வயல்காரன்தான் எண்டு நினைச்சிட்டன்."

மொழிபெயர்த்தேன்.

"மேரி எங்கள் ட்ரம்ஸ்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்" என்றார் கரி. "அது மழையாகவே இருக்கட்டும்."