சிவகிரிக்கு ஆம்ப்ளிபையர் பார்க்கப் போனது

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே பைப்பும் பெயிண்டும், மேலே நான், என் கணவர், அவருடைய அம்மா. அந்த மாடியில் ஒருத்தி பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறாள் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஹெட்போனில் வாசித்தால் யாருக்குத் தெரியும்?

சிறுவயதில் சர்ச்சில் ஹவாயன் கிட்டாரை மடியில் வைத்து வாசித்தவள் நான். பெடல் ஸ்டீல் அதற்குப் பெரிய அக்கா. நாலு கால் வைத்த மேசை போல நிற்கும், மேலே கம்பி, அடியில் பெடல். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி அதைப் பிரித்து இரண்டு பெட்டியில் கொண்டு வந்து தந்தான். அத்தைக்கு பிபி, சின்னச் சத்தமும் ஆகாது. எனவே என் கணவரே மதுரைக்குப் போய் நல்ல ஹெட்போனாகப் பார்த்து வாங்கி வந்தார். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் என் கஷ்டமே. குறை இருந்தால் சண்டையாவது போடலாம். நான் வாசிப்பது எனக்கு மட்டும், என் மண்டைக்குள் மட்டும் கேட்டது. ஒரு அறையில், காற்றில், அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. சில நாள் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கம்பியின் கிணுகிணுப்பைக் கேட்டு ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குச் சர்ச்சில் வாசிக்கச் சொல்லி, நான் சிறுவயதில் வாசித்ததைக் கேள்விப்பட்ட போதகர் கேட்டபோதுதான் ஆம்ப்ளிபையர் பேச்சு வந்தது. சிவகிரியில் மைக் செட் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, முன்பு மெல்லிசைக் குழு நடத்தியவர், பழைய ஆம்ப்ளிபையர்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். என் கணவர் போட்டது ஒரே நிபந்தனை. பண்டிகையன்று சர்ச்சில் எவ்வளவு சத்தமும் வைத்துக்கொள்ளலாம், மற்ற நாளெல்லாம் வீட்டில் ஹெட்போன் மாட்ட வேண்டும். அதற்கு வசதியுள்ளதாக அவரே பார்த்து எடுத்துத் தருவார்.

ஞாயிறு மத்தியானம் கிளம்பினோம். கார் டிக்கியில் என் கிட்டார். முன்சீட்டில் கணவரின் அண்ணன், எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் மைக் செட் பேசிவிட்ட அனுபவஸ்தர். பின்சீட்டில் நான். வழி முழுக்க அவர்கள் எத்தனை வாட்ஸ் சத்தம் வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் இறங்கியதும் அண்ணாச்சியின் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஆம்பளைகள் ஹாலில், நான் அடுப்படியில். ஒரு தட்டில் முறுக்கு, கையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. குடிக்காமல் வைத்தால் மரியாதை இல்லை, குடிக்கவும் முடியாது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாலிலிருந்து பாட்டோ ராகமோ இல்லை, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று என் கணவரின் குரல் வந்தது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கிட்டார் ஆம்ப்ளிபையரை மைக் செட்காரர்களைப் போல ஹலோ சொல்லிப் பார்க்கிறார்கள். இரண்டு ஆம்ப்ளிபையர் பெட்டி இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. முதல் பெட்டியில் யார் பேசினாலும் கோயில் கொடை விழா அறிவிப்பாகத்தான் வந்தது. இரண்டாவதில் அண்ணாச்சி இருமினார், அது இருமலாகவே வந்தது. எனக்கு வேண்டியது அந்த இருமல். ஸ்டீல் கிட்டாரில் ஒரு சுரம் தேயத் தேய, வலது காலால் வால்யூம் பெடலை அழுத்தி அதை விழாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது பெட்டி கரகரத்தால் எல்லாம் போச்சு.

அவர்களோ முதல் பெட்டியில் நின்றுவிட்டார்கள். என்ன சத்தம், என்ன லைட், ஹெட்போனும் மாட்டலாம் என்று அண்ணன் புகழ்ந்தார். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் கை மாறிவிடட்டும் என்று அண்ணாச்சி அவசரப்படுத்தினார். எங்களுக்கு ராகு காலம் கிடையாது, விற்கிறவருக்கு உண்டே. அண்ணன் முன்னால் போய்க் கணவரை மறுத்துப் பேசினால் அவர் முகம் விழுந்துவிடும். அடுப்படியிலிருந்தே அவருக்கு போன் அடித்தேன். என் பையில் போன் தானாக அமுங்கியிருக்கும் என்று நினைத்து அவர் கட் செய்தார்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன்.

"டிக்கியத் தொறங்க. நான் வாசிச்சுப் பாக்கணும்" என்றேன்.

கணவர் போய் டிக்கியைத் திறந்தார். கிட்டாருக்குக் கால் மாட்டி, பெடல் கோத்து, சுருதி சேர்ப்பதற்குள் நாலரை தாண்டிவிட்டது. இனி ஆறு மணிக்குத்தான் வியாபாரம் என்று அண்ணாச்சி கையை விரித்தார். வாசிக்கிறதுக்கு ராகு காலம் உண்டா என்று கேட்டேன். அது இல்லை என்றார்.

முதல் பெட்டி நான் நினைத்தபடியே கரகரத்தது. இரண்டாவது, துணி கிழிந்து, ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்துபோன பழைய வால்வு பெட்டி. உள்ளே வால்வு குழல்கள் சூடாகட்டும் என்று காத்திருந்து, சர்ச்சில் பாடும் ஒரு பாட்டை மெதுவாக எடுத்தேன். சத்தம் என்னை விட்டு வெளியே போய், சுவரில் பட்டு, திரும்பி என்னிடமே வந்தது. நான் நிறுத்தவில்லை. அண்ணாச்சியின் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

முடித்தபோது என் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாசித்து அவர் கேட்டது அன்றுதான். ஹெட்போன் எனக்கு மட்டும் பூட்டில்லை, அவருக்கும்தான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"இதயா இத்தன நாளும் வாசிச்ச?" என்றார்.

ஆறு மணிவரை வாசித்தேன். பிறகு அவர் செல்போன் டார்ச்சை அடித்து அந்தப் பழைய பெட்டியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

"ஹெட்போன் மாட்ட இதுல இடமே இல்லியேட்டி."

"தெரியும். இதத்தான் எடுக்கோம்."

 அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துக் கனம் தாங்காமல் கீழே வைத்தார்.

"சரி, அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

"வேண்டாம், நானே சொல்லுதேன்" என்று மறுபக்கத்தைப் பிடித்தேன்.