லாண்டிரி அக்காவின் மேற்கு ஜன்னல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பஸ் கண்ணாடி துடைக்கத் தொடங்கி, இன்றைக்கு இரண்டு வேன், எட்டு ஆள் வைத்து வேலை வாங்குகிறேன். மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்களைப் புதுசாக்குவதில் இந்த ஊரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என்னை விட்டுப் பிரிந்துபோய்த் தனிக்கடை போட்டவனே சொல்கிறான். என் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. பளிச்சு என்று கேட்டால் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஜன்னலில் தோற்றேன். அந்த ஜன்னலைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் லாண்டிரி அக்காவைப் பற்றி எழுத வேண்டும்.

என்னைவிட ஏழு வயது சின்னவள்தான். ஆனாலும் அவள் குடியிருக்கும், நான் அடிக்கடி வேலைக்குப் போகும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்பு, டாக்டர் கோட்டு, ஆபரேஷன் துணி என்று ஒரு நாளைக்கு நானூறு உருப்படி வெள்ளைத் துணி அவள் கையில் புரளும். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டென்று அவளுக்குத்தான் தெரியும். என் வேலையை ஒருவர் தப்புச் சொல்லி நான் வாயை மூடிக்கொண்டது அவளிடம் மட்டும்தான்.

"அண்ணே, கீழ் மூலையில நீலம் தட்டுது. சோடா சரியா அலசலை."

குனிந்து பார்த்தால், ஆமாம், தட்டியது.

தாய் தகப்பன் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது, தங்கைக்கு ஒன்பது. கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளாமல் தங்கையை வளர்த்தாள். வளர்த்த விதம்தான் கொஞ்சம் தனி. எந்தப் புதுச் சாமானையும் கவர் பிரிக்க விடமாட்டாள். புத்தகத்துக்கு அட்டை, அட்டைக்கு மேலே பிளாஸ்டிக், அதற்கும் மேலே பழைய காலண்டர் தாள். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டியோடு பரண்மேல் போகும். அது இறங்கி வரும்போது தங்கையின் கால் இரண்டு அளவு வளர்ந்திருக்கும். ஒரு பாவாடையை ஒருதடவைகூட உடுத்தாமலே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்களாம். இதையெல்லாம் அக்காவே சொன்னாள், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன்.

தங்கை பெரியவளாகி, பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குப் போனாள். இருவரும் சேர்ந்து மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினார்கள். சாவி வாங்கிய அன்று வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். மேற்கு அறை தங்கைக்கு என்று ஏற்பாடு. கீறல் விழாமல் இருக்க, ஜன்னல் சட்டத்தின் மேல் கம்பெனிக்காரன் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி அனுப்புவான், நீலக் கோடு போட்டிருக்கும். ஜன்னலை மாட்டிய கையோடு அதை உரித்துவிட வேண்டும். தங்கை போன வேகத்தில் மூலையில் நகத்தை விட்டு இழுத்தாள். அக்கா அவள் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"கை வைக்காதே. அழுக்காயிடும். இன்னொரு நாள் பிரிச்சுக்கலாம்."

தங்கைக்கு அன்றைக்கு வயது நாற்பது.

"என்னையும் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேக்கா. நாப்பது வருஷமாச்சு. இன்னும் பிரிக்கலை" என்றாளாம். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டாள். மாற்றல் கேட்டுத் தூரத்து ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை போன், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான்.

பதினொரு வருஷம் அந்த மேற்கு அறை அப்படியே கிடந்தது. மெத்தைக்குப் போட்ட பிளாஸ்டிக் பிரிக்கவில்லை. நாற்காலியில் சுற்றிய அட்டை அவிழ்க்கவில்லை. ஜன்னல் தாள் மட்டும் வெயிலில் வெந்து, வெடித்து, பல்லில் ஏறிய காரை மாதிரி சட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. இடுக்கில் எல்லாம் பசை உருகித் தூசி குடித்துப் பழுப்பாக வழிந்திருந்தது.

இந்த நிலையில்தான் எனக்குப் போன் வந்தது. தங்கைக்கு உடம்பு முடியவில்லை. உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றுவிட்டார்களாம். "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். பத்து நாளில் வருகிறாள்.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். "இது பெரிய சீக்கு. ஆனா பளிச்சு கை வச்சா தேறாத ஜன்னல் கிடையாது" என்றேன்.

"சுத்தம் பண்ணுங்க. ஆனா அவ படுக்கிற பக்கம் ஒரு மூணு அடி மட்டும் கவரை விட்டு வைங்க."

"எதுக்கும்மா?"

"அவ கையால பிரிக்கணும். அன்னைக்கு நான் அடிச்ச கை."

எனக்குப் புரிந்துபோனது. மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஜாதி மனுஷர்கள் உண்டு. நானும் அந்த வகைதான்.

"பதினொரு வருஷத் தாள் கையோட வராது. பொடிப்பொடியா உதிரும். நோயாளி விரல் வேற. நான் ஒண்ணு பண்றேன். இதை முழுசா எடுத்துட்டு, அந்த மூணு அடிக்கு மட்டும் புதுத் தாள் ஒட்டித் தர்றேன். ஒரே இழுப்புல வந்துரும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அவள் யோசித்தாள். "ஏமாத்து வேலையில்லையா?"

"வேலைதான். என் வேலையில ஏமாத்து தெரியாது."

ஒப்புக்கொண்டாள்.

நானே உட்கார்ந்தேன், ஆள் அனுப்பவில்லை. சூடு காட்டி, எண்ணெய் தடவி ஊறப்போட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். ஒரு விரற்கடைத் தாள் வர கால் மணி நேரம். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அப்புறம் சமையல் சோடாவைக் குழைத்து மெத்தென்ற துணியில். கம்பி நார் தொட்டால் போச்சு, ஒவ்வொரு கீறலிலும் அழுக்குக் குடியேறிவிடும். கிழக்கு அறை, சமையல்கட்டு எல்லாம் வெயில் குறைவு, தாள் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது. மேற்கு ஜன்னல்தான் ஆறு நாள் இடுப்பை ஒடித்தது.

ஜன்னல் செய்யும் பட்டறையில் கழிவில் கிடந்த ஒரு சட்டத் துண்டிலிருந்து, அதே நீலக் கோடு போட்ட தாளைச் சேதமில்லாமல் உரித்து வந்தேன். புதுத் தாள் என்று தெரியக்கூடாதே, அதற்காக டீத்தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் ஒற்றினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னும் ஒரு நனை போடுங்கண்ணே. பதினொரு வருஷத்துக்கு இது பத்தாது. இது ஏழு வருஷ மஞ்சள்."

"ஏழா? எனக்கு ஒன்பதாத் தெரியுது."

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்."

ஜன்னல் வேலை தொடங்கியபின் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்.

கடைசி நாள். மறுநாள் உச்சி வேளையில் தங்கை வருகிறாள். தாள் ஒட்ட வேண்டிய அந்த மூன்றடியில் பழைய பசை மட்டும் போவேனா என்கிறது. எண்ணெயைக் கொட்டியாயிற்று, சூடு காட்டியாயிற்று. சாயங்காலம் இன்னொரு கட்டடத்தில் வரச்சொல்லியிருந்தார்கள், நேரமாகிவிட்டது. என் பெட்டியின் அடியில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் பாட்டில் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கில் அதைத் தொடக்கூடாது. தொட்டால் மேல்பரப்பு இளகிக் கூழாகிவிடும், ஆறவே ஒரு வாரம் பிடிக்கும். எவனாவது அந்த மூடியைத் திறந்தால் கையை உடைப்பேன் என்று என் எட்டு ஆளுக்கும் சொல்லி வைத்தவன் நான்.

அக்கா சமையல்கட்டில் இருந்தாள். நானே திறந்தேன். இரண்டே துடைப்பு, பசை போன இடம் தெரியவில்லை. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. விரலால் தொட்டேன், லேசாக ஒட்டியது. நாளைக்கு மத்தியானம் பிரிக்கப்போகிறாள், ஒரு ராத்திரிக்கு என்ன ஆகிவிடும் என்று மேலே தாளை ஒட்டி நீவிவிட்டேன். பிடித்து இழுக்க மூலையில் காது மாதிரி ஒரு நுனியும் விட்டேன்.

அக்கா வந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். என்னைப் பார்த்தாள். சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் போன். "அண்ணே, அவளுக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் கழிச்சுத்தான் விடுவாங்களாம். அந்தத் தாளுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அப்போதே வண்டியை எடுத்திருக்க வேண்டும். தாளை எடுத்துவிட்டு, சட்டத்தை ஆறவிட்டு, எட்டாம் நாள் ஒட்டியிருந்தால் முடிந்தது விஷயம். அப்படிப் போனால் ஏன் என்று கேட்பாள், தின்னர் போட்டதைச் சொல்ல வேண்டிவரும்.

"நான் ஒட்டினதும்மா. நீ நிம்மதியா இரு" என்றேன்.

ஒன்பது நாளும் நல்ல வெயில்.

தங்கை வந்த அன்று நானும் போயிருந்தேன். என் வேலையைப் பார்த்து அவள் முகம் மலர்வதைக் கண்ணால் காணலாம் என்ற ஆசை, வேறென்ன. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். தலையில் பருத்தித் தொப்பி. மணிக்கட்டு என் இரண்டு விரல் கனம்தான் இருந்தது. அக்கா முந்தின நாளே மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பிரித்திருந்தாள். தங்கை உட்கார்ந்து மெத்தையைத் தடவினாள்.

"கவர் இல்லாம இருக்கு. யார் வீட்டுக்கு வந்திருக்கேன் நான்?"

"கிண்டல் பண்ணாதே. அந்தப் பக்கம் பாரு."

தங்கை திரும்பினாள். ஜன்னல் முழுதும் பளிச்சென்று வெள்ளை, தலைமாட்டில் மட்டும் மூன்றடி மஞ்சள் தாள். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"உனக்காகத்தான் வச்சிருக்கேன் பாப்பா. நீயே பிரி."

தங்கையின் முகத்தில் அப்போது வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. கையை நீட்டி, நான் விட்டிருந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நுனி மட்டும் நகக்கண் அகலத்துக்குக் கிழிந்து கையோடு வந்தது. மறுபடி நகத்தை விட்டாள். தாளும் சட்டமும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்றாகி இருந்தன. மூன்றாம் தடவை நகம் வழுக்கியது. என் சட்டைப்பையில் ஏடிஎம் கார்டு இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

தங்கை கையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் எதுவும் இல்லை அவள் குரலில்.

"பதினொரு வருஷ வெயிலு. அன்னைக்கே இழுத்திருந்தா ஒரே இழுப்புல வந்திருக்கும்க்கா."

"ஆமா பாப்பா" என்றாள் அக்கா.

அது பதினொரு வருஷத் தாள் இல்லை, பத்து நாள் தாள். கெடுத்தது உன் அக்கா இல்லை, நான். இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கட்டடக்காரன், காண்ட்ராக்டர், பெரிய அதிகாரி என்று எவன் முன்னாலும் வாய் அடங்காதவன் நான். அன்றைக்கு "வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

இருபத்தாறு நாள் இருந்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்களாம். சாவுக்குப் போனேன். கூட்டம் இல்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. பெண்டாட்டி கேட்டாள், வயசாச்சு என்றேன். கடைசியில் ஒரு காலையில் போய் அக்கா முன்னால் உட்கார்ந்தேன்.

"அந்தத் தாள் வராததுக்குக் காரணம் நான்மா. தின்னர் போட்டேன்."

"தெரியும்ணே. அன்னைக்கே வாடை அடிச்சுது. முப்பது வருஷம் கறை எடுத்தவளுக்குத் தின்னர் வாடை தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் வந்தேன். பெரிய ஆளு, தெரியாமலா போடுவாருன்னு பேசாம இருந்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "சரி, அவ அப்படிச் சொன்னப்பவாவது என்னைக் கைகாட்டியிருக்கலாம். எதுக்கு ஆமான்னு சொன்னே?"

அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அவ அந்தத் தாளைப் பத்தியா சொன்னா?"

எழுந்து மேற்கு அறைக்குப் போனேன். தங்கையின் நகம் கிழித்த சின்ன இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது, மற்றபடி தாள் அப்படியே. என்னால் ஆனது இதுதான் என்று கார்டையும் எண்ணெயையும் எடுத்தேன். "ரெண்டு நாள் குடும்மா. எப்படியாவது எடுத்துர்றேன்."

"இன்னைக்கு வேணாம்ணே. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

அப்போதுதான் கட்டிலைக் கவனித்தேன். மெத்தைக்குப் பழைய பிளாஸ்டிக் கவரை மறுபடி போட்டு, நாலு மூலையும் மடித்துச் செருகியிருந்தாள்.

நான் பெட்டியை மூடினேன். மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் தெருவழியாகப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்திலேயே வெள்ளையான ஜன்னல் அதுதான். யாராவது கூட இருந்தால், அது நான் செய்தது என்று சொல்வதில்லை. அக்கா இன்னும் கூப்பிடவில்லை.