மகளின் முதல் விருப்பம்

போன வாரம் திருச்சியில், என் மகள் படிக்கும் கல்லூரியில், ஒரு பேராசிரியைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சார்... நீங்க பத்திரிகையில வாராவாரம் எழுதுறவர்தானே?”

வழக்கமாக யாராவது இப்படிக் கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். அன்றைக்கு, இல்லை என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

நிவேதா எங்களுக்கு ஒரே மகள். உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. தேர்வாகும் மாணவர்கள் ஆறாவது செமஸ்டரை மட்டும் வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாம் என்று அவள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. மூன்று பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசைப்படி ஆன்லைனில் குறித்துக் கொடுக்க வேண்டும்.

அவள் முதலில் குறித்தது நார்வேயில், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றை. காரணம் இருந்தது. மீன் கெடாமல் காப்பது பற்றி ஒரு புராஜெக்ட் செய்வதற்காக, போன வருடம் ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கு பஸ் ஏறி ஏறிப் போய் வந்தவள் அவள். ஐஸ் பிளான்ட்டில் நடுங்கிக்கொண்டு குறிப்பெடுத்துவிட்டு வருவாள். வீடே மீன் மணக்கும். அந்த நார்வே பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனி ஆய்வகம். அங்குள்ள பேராசிரியருக்கு இவளே மெயில் அனுப்பி, ‘வா, இடம் தருகிறேன்’ என்று பதிலும் வாங்கியிருந்தாள்.

இரண்டாவது, ஜெர்மனியில் ஒரு பெருநகரம். எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் இவள் போகும் செமஸ்டரில் வெறும் வகுப்புப் பாடம்தான், ஆய்வகம் கிடையாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். “நல்லா யோசிச்சிருக்கே” என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஆலங்குடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் மனைவியின் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்தார். நிவேதா எங்கே போகிறாள் என்று கேட்டார். சொன்னேன். போனில் தேடிப் பார்த்தார்.

“கேள்விப்பட்டதே இல்லையே மாப்ள. இதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்?”

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசம் வருமுன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் நிவேதா கல்லூரி லேபிலிருந்து போன் செய்தாள். பாஸ்போர்ட் நகலை ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது. பாஸ்வேர்டைச் சொன்னாள். மற்றதெல்லாம் போட்டாயிற்று, ஏற்றிவிட்டு சப்மிட் கொடுத்தால் போதும் என்றாள்.

ஏற்றினேன். அதற்கு மேலே மூன்று பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், மேலே கீழே நகர்த்த ஒரு குட்டி அம்புக்குறி.

ஒரே ஒரு க்ளிக். ஜெர்மனி மேலே ஏறியது... நார்வே கீழே இறங்கியது. சப்மிட்.

பிறகு அடுக்களைப் பக்கம் போய்க் காபி கேட்டேன். நம்ப முடிகிறதா? எல்லாம் அவள் நல்லதுக்குத்தான், பெரிய பெயர் கடைசிவரை கூட வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் காபியை ருசித்துக் குடித்தேன்.

முடிவு வந்தது. ஜெர்மனி.

அந்த வார இறுதியில், சில நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தவள், கம்ப்யூட்டரைத் திறந்து தன் விண்ணப்பத்தைப் பார்த்தாள். வரிசை மாறியிருந்தது. தானேதான் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். “இம்புட்டு நாள் பாத்துப் பாத்துச் செஞ்சுட்டு, கடைசியில இப்புடிப் பண்ணிட்டேனேம்மா” என்று அம்மா மடியில் படுத்து அழுதாள். நான் மூன்றடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

பிறகு கல்லூரிக்கு ஒரு மெயில் எழுதினாள். என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு, மன்னித்து மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று. அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

“இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்கப்பா.”

பார்த்தேன். கவனக்குறைவு என்று எழுதியிருந்த வாக்கியத்தில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

வரிசையை மாற்றியதைக்கூடப் புத்தி தடுமாறிய ஒரு நிமிடம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கமாவை என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து பதில். வரிசை கடைசியாக மாற்றப்பட்டது, பாஸ்போர்ட் நகல் ஏற்றிய அந்தச் சனிக்கிழமை காலை என்று பதிவாகியிருக்கிறதாம். நிவேதா வாய்விட்டுப் படித்தாள். அந்த நேரத்தில் அவள் லேபில் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன் – கை தவறிப் பட்டிருக்கும் என்று.

“சரி, விடுங்கப்பா. அந்த மவுஸும் பழசு” என்றாள்.

என்னைத் தேற்றுகிறாள்!

என் மனைவி அப்படி ஏமாறவில்லை. அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “கை தவறுனா எங்கிட்டாவது படும். சரியா ஒண்ணும் ரெண்டுமா இடம் மாறும்? நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. நாஞ் சொன்னா நல்லாருக்காது.”

மறுநாள் காலையில் நிவேதா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

“கை தவறலம்மா. நாந்தான் மாத்துனேன்.”

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். இன்னொரு துணியை எடுத்தாள்.

“நல்லா யோசிச்சிருக்கேன்னு சொன்னீங்களேப்பா” என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதனால்தான் நிவேதாவையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனது. மகளுக்குத் தெரியாமல் மாற்றியது நான்தான், அவள் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேராசிரியை படித்தார். அந்தக் கேள்வியையும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நார்வேக்கு இருந்தது ஒரே ஓர் இடம். அது வேறொரு மாணவிக்குப் போய்விட்டது. அந்தப் பெண் விசாவுக்குக்கூட விண்ணப்பித்துவிட்டாளாம். மேலே கேட்டுப் பார்க்கட்டுமா என்றார் பேராசிரியை, தயக்கத்தோடு. எனக்கு முன்பாக நிவேதா பதில் சொன்னாள்: “வேணாம் மேம். அவகிட்டருந்து புடுங்க வேணாம்.”

ஒருவர் வைத்திருப்பதைப் பிடுங்கக் கூடாது என்று இருபது வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் இரண்டு மாதத்தில் ஜெர்மனி போகிறாள். மேற்படிப்புக்கு விண்ணப்பித்துப் பார் என்று நார்வே பேராசிரியர் எழுதியிருக்கிறாராம். அவளுடைய அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று திருச்சியிலிருந்து பஸ்ஸில் சேர்ந்துதான் திரும்பினோம். கீரனூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “இதையும் எழுதுங்கப்பா” என்றாள். மன்னிப்பா, தண்டனையா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதிவிட்டேன்.

நேற்று, திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்தார். அவர் மகள் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறாள். விவரம் தெரிந்தவன் என்று நம்பி, எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டார். பொண்ணு என்ன சொல்லுது என்றேன்.

“அதை இன்னும் கேக்கலையே சார்.”

நான் கேட்டிருந்தேன். கேட்ட பிறகுதான் மாற்றினேன்.