முதுகில்லாத கோட்டு

போட்டோ ஸ்டூடியோ வேலைன்னா கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறதுன்னு நெனச்சுடாதீங்க; போறவன் வர்றவனுக்கெல்லாம் ஒரே கோட்டை மாட்டி விடுறதுதான் வேலை.

ப்ரெவேங்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரிட்சை பாஸ் பண்ணிட்டு எந்த வேலைக்குப் போறதுன்னு தெரியாம முழிக்கிறவங்களே, நான் பட்டதைக் கேளுங்க. எனக்கு ரெண்டு வேலை தயாரா இருந்துச்சு. "போட்டோ அனுப்பு, சுங்க ஆபீஸ்ல சேத்து விடுறேன்"னு பிரெஞ்சுக்காரன் ஆளுற சைகோன்ல இருந்து சித்தப்பா எழுதியிருந்தாரு. "சின்ன வகுப்புக்கு வாத்தியாரா வா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு"ன்னு முத்தியால்பேட்டை பள்ளிக்கூடத்த நடத்துற பாதிரியாரு, பெரிய சாமி சொன்னாரு. ரெண்டு பேருக்கும் "பாக்கலாம்"னுட்டு, அதுவரைக்கும் ஸ்டூடியோல நின்னுக்கிட்டிருந்தேன்.

முன்னால தொரை

சைகோன் போற பயணப் பேப்பருக்குப் படம் எடுக்கணும்னா எல்லாரும் எங்ககிட்டதான் வருவாங்க. ஒல்லி, குண்டு எல்லாருக்கும் சேரணுமேன்னு முதலாளி அந்தக் கோட்டோட முதுகையே வெட்டி எடுத்துட்டாரு. முன்னால தொரை, பின்னால குண்டூசி.

வைத்திக்குப்பத்து ஆளு ஒருத்தரு வந்தாரு, வலை இழுத்து இழுத்து அகண்ட தோளு. ஊசி குத்துறப்போ கையைப் பின்னால விட்டுத் தடவிப் பாத்தவரு, துணியே இல்லன்னதும் திரும்பித் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சாரு. "படத்துல முதுகு வராதுண்ணே, ஆடாம நில்லுங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவரு கேட்டாரு:

"படத்துல வராது தம்பி, அங்க போயி நான் திரும்பவே மாட்டனா?"

அண்ணன் பேரு, தம்பி மூஞ்சி

அடுத்த நாளு ஒரு பெரியவரு மகனைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பேரு எழுதிக்கலாம்னு பையனைக் கேட்டேன். அப்பாதான் சொன்னாரு, வேலை இவனுக்கு வரலயாம், இவன் அண்ணனுக்கு வந்துச்சாம். அண்ணன் போன மாசம் செத்துட்டானாம். அவன் பேருலயே இவன் கப்பல் ஏறப் போறானாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னங்க இது அநியாயம்? செத்தவன் பேருல சாகுற வரைக்கும் இவன் இருக்கணுமா?"ன்னு கத்துனேன். முதலாளி என் கையப் புடிச்சு இழுத்தாரு. பெரியவரு கோவமே படல, பையனோட காலரைத்தான் சரி பண்ணுனாரு.

"பெரியவன் போலாமா வேணாமான்னு ஆறு மாசம் யோசிச்சான் தம்பி. காய்ச்சல் யோசிக்கல."

குண்டூசி என் வெரல்லயே ஏறிடுச்சு.

கண்ணாடிப் பொட்டியில நான்

எதுக்கும் இருக்கட்டும்னு நானும் அந்தக் கோட்டுல ஒரு படம் எடுத்து வச்சிருந்தேன். வியாழக்கிழமை காலையில வந்து பாத்தா, வாசல் கண்ணாடிப் பொட்டியில நான் தொங்குறேன்! கீழ கொட்டை எழுத்துல "சைகோன் செல்கிறார்."

"யாரைக் கேட்டு மாட்டுனீங்க?"ன்னு முதலாளிகிட்ட எகிறுனேன். அந்த மனுசன் வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு:

"உன்னைக் கேட்டா நீ எப்ப பதில் சொல்லி, நான் எப்ப மாட்டுறது?"

தபாலுக்குப் போக இருந்த லெட்டர்

மத்தியானம் பெரிய சாமி உள்ள வந்தாரு, கையில ஒரு லெட்டரு. "சைகோனாமே சவரி, சந்தோசம்டா. உன் எடத்துக்குக் கடலூர்ல ஒருத்தனுக்கு எழுதிட்டேன். தபால்ல போடத்தான் போறேன்"னாரு.

கப்பல் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

"படத்தைப் பாத்து முடிவு பண்ணுவீங்களா? வெள்ளிக்கிழமைன்னு சொன்ன வாக்கு என்னாச்சு?"ன்னு சண்டைக்கே போயிட்டேன். ஆணியில கெடந்த கோட்டை பனியனுக்கு மேலயே மாட்டிக்கிட்டு, திரும்பி நின்னேன். "நல்லாப் பாருங்க சாமி! என் சைகோன் பயணமும் இவ்வளவுதான். முன்னாடி மட்டும்தான் இருக்கு."

சாமி சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. கெடிகாரத்தைப் பாத்தாரு.

"ரெண்டு மணிக்குச் சின்ன வகுப்பு, எடுக்க ஆளில்ல. கையில லெட்டர் இருக்கு, போற வழியில தபால் பொட்டி இருக்கு. வர்றியா, இல்ல பாக்கலாமா?"

ஓடுனேன் பாருங்க, கோட்டைக் கழட்டக் கூட நெனப்பு வரல. இப்படித்தாங்க, முன்னால தொரையும் பின்னால பனியனுமா நான் வாத்தியாரானேன்.