கிரவுனும் பினியனும்

ஐம்பத்தொன்பது வயதில் ஒரு ஜீப்பின் பின் ஆக்சிலை நானே பிரித்து, புதிய பல்சக்கரங்கள் போடப் போகிறேன் என்று சொன்னபோது, கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க மில்லுல ஃபிட்டரா இருந்தவிய, ஒத்துக்கிடுதேன். ஆனா நூல் சுத்துத மிசினு வேற, இது வேற. இத எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்க" என்றார்.

எனக்கு எடைக்குப் போட மனமில்லை. அந்த ஆக்சிலை உடைத்தவன் நான். அதை அவரிடமும் சொன்னேன். "கோவத்துல மிதிச்சு ஒடச்சுட்டேன். ஒடச்சவனே சரி பண்ணணும்லா" என்றேன். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. என் கோபம் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் பிரசித்தம்.

எங்கள் வீடு, நாகலாபுரம் போகிற தார் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே, எங்கள் நிலத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. கோடையில் அந்தப் பாதையில் சைக்கிளே ஜோராகப் போகும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் அப்புறம் கரிசல் மண் ஆளை விடாது. செருப்போடு நடந்தால் பத்தாவது அடியில் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் ஏறி, பைக் தள்ளக்கூட முடியாமல் நிற்கும். அதற்காகத்தான் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு முற்பகலில் என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. வெளியே நல்ல மழை. அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஓடை குறுக்கிடும் தாழ்வில் வண்டி சிக்கிக்கொண்டது. முதல் கியரில், அரை மிதி மிதித்து, நிதானமாக ஊர்ந்து வந்திருக்க வேண்டும். நான் வண்டியைக் கண்டபடி திட்டிக்கொண்டே ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினேன். சேற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பின்சக்கரம் அடியில் கிடந்த சுக்கான்பாறையைச் சட்டென்று பிடித்தது. பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். அதோடு ஆக்சில் இறுகி, வண்டி நின்றது நின்றதுதான்.

பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரும் அவர் வீட்டு ஆட்களும் ஒரு நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மீதி ஒரு கிலோமீட்டரையும் அவளைக் கட்டிலில் சுமந்துகொண்டுதான் போனோம். ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் காத்துக்கொண்டிருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்த வார்த்தை அவருக்கு ஒரு நாள் வார்த்தை. எனக்கு ஒரு வருட வார்த்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் தன் அம்மாவை நேராகக் கோவில்பட்டியில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நான் மாட்டையும் நிலத்தையும் வைத்துக்கொண்டு இங்கே. ஞாயிற்றுக்கிழமை தோறும் விருந்தாளி மாதிரிப் போய் என் மனைவியைப் பார்த்துவிட்டு வருவேன். வெயில் தாழட்டும், ஆடி கழியட்டும் என்று மகள் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் சத்தம் போட்டுக்கொண்டோம். கோபத்தில் அவள் எனக்குப் பிறந்தவள்தான்.

"அப்பா, வண்டியச் சரி பண்ணுங்க. மழை பெஞ்ச மறுநாள் நானே வந்து பக்கத்துல உக்காருவேன். தார் ரோட்டுலருந்து வீட்டுக்கும், வீட்டுலருந்து ரோட்டுக்கும் எங்கயும் நிக்காம வந்துட்டா, அம்மாவ அனுப்புதேன். நின்னுட்டா, அம்மா இங்கனதான். அப்புறம் பேச்சே கிடையாது" என்றாள்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசல் வரை வந்து, "நல்லா சரி பண்ணுங்க, என்ன" என்றாள். அதைச் சொன்னபோது என் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதுரையிலிருந்து பல்சக்கரங்கள் பார்சலில் வந்தன. என்ஜினிலிருந்து பின்னால் வருகிற நீளத் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது தன்னைப் போல நாலு மடங்கு பெரிய சக்கரம் ஒன்றைச் சுற்றும். அது கிரவுன். கிரவுன் சுற்றினால் சக்கரங்கள் சுற்றும். கேட்க எளிதுதான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ரொம்ப நெருங்கினால் அரைத்துக்கொள்ளும், விலகினால் பல் பல்லைத் தட்டி உடைக்கும். அந்த நெருக்கத்தைச் சரிசெய்ய ஷிம் என்று வளையம் வளையமாக மெல்லிய இரும்புத் தகடுகள் உண்டு. ஒரு தகட்டைக் கூட்டிக் குறைத்தால் தலைமுடிக் கனம் வித்தியாசம் வரும். அந்தத் தலைமுடிதான் கணக்கு.

வேப்பமரத்தடியில் ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பழைய கியர்களைக் கழற்றியபோது மூன்று பற்கள் போன இடம் தெரியவில்லை. வீட்டைக் கழுவிவிடுகிற மாதிரி ஆக்சிலின் கூட்டை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். ஷிம்களை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, பினியனுக்கு வேண்டிய ஐந்தை மட்டும் தேர்ந்து எண்ணெய் தடவி நூலால் கட்டி வைத்தேன். தினமும் மத்தியானம் என் மனைவி போன் பண்ணுவாள். "என்ன, பொண்டாட்டிய இங்கன விட்டுட்டு அங்கன ஆக்சிலோட குடித்தனமா?" என்பாள். நான் உறுமுவேன். அவள் சிரிப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை என்பதால் மகள் அன்று ஒரு நாளைக்கு மட்டும் அம்மாவைக் கூட்டி வந்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் தன் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்து, "பரவால்லியே" என்றாள். நான் சாக்கை விரித்து ஸ்பானர்கள், சுத்தியல், கிரவுன், பினியன், பேரிங்குகள், ஷிம் கட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். அவள் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. பொரி, கடலை, சாம்பிராணி. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பிவிட்டார்கள். வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று வேலையைத் தொடங்கினேன். கிரவுனையும் பினியனையும் பேரிங்குகளையும் நன்றாகத் துடைத்தேன். ஷிம் கட்டின் மேலே இருந்த பொட்டையும் துடைத்து, நூலை உருவி, ஐந்தையும் அப்படியே உள்ளே தள்ளினேன். அளந்து கட்டியதை மறுபடி அளப்பவன் ஃபிட்டரே இல்லை என்பது என் திமிர்.

எல்லாம் பூட்டி முடித்து, கிரவுன் பற்களில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தேன். பற்கள் எங்கே உரசுகின்றனவோ அங்கே மை அழியும். பல்லின் நடுவில் அழிய வேண்டும். எனக்கு ஓரத்தில் அழிந்தது. கையால் சுற்றினால் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்ச்சி. ஒரு முறை பிரித்துச் சேர்க்க ஒரு முழுப் பகல் ஆகும். பிரித்து, ஒரு ஷிம்மைக் கூடுதலாக வைத்தேன். முன்னைவிட மோசம். மறுநாள் பிரித்து, அதை எடுத்துவிட்டு அதைவிட மெல்லியதாக ஒன்றை வைத்தேன். அன்றைக்கு ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சொன்னதுதான் சரி, எனக்குத் தெரிந்தது மில் மிஷின் மட்டும்தான், என் வீம்பினால் அவள் கடைசிவரை மகள் வீட்டிலேயே இருக்கப் போகிறாள் என்று தோன்றியது. ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய்ப் பருத்திச் செடிகளுக்குள் தேடி எடுத்து வந்தேன்.

நான்காவது நாள் ஷிம்களைத் தட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒட்டிக்கிடந்த தகடுகள் பிரிந்ததும் பொருக்குப் பொருக்காக ஏதோ உதிர்ந்தது. எடுத்து விரலில் நசுக்கினேன். மூக்கருகே கொண்டு போனேன். சந்தனம்.

அவள் நூலை அவிழ்த்து, ஐந்து தகடுகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்து, மறுபடி அடுக்கி, நான் போட்ட அதே முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறாள். தலைமுடிக் கனத்துக்கு நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஐந்து பொட்டுச் சந்தனம். அது நசுங்க நசுங்க, கணக்கு தினமும் மாறியிருக்கிறது.

திட்டத்தான் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏட்டி, அந்தத் தகட்டுக் கட்ட எதுக்குப் பிரிச்ச?"

"பின்ன? ஸ்பானருக்கெல்லாம் வெச்சுட்டு அதுகளுக்கு மட்டும் மேலாப்புல ஒண்ணு வெச்சா போதுமா? அஞ்சு இருந்துச்சு, அஞ்சுக்கும் வெச்சேன். நான் வீட்டுக்கு வாரதுக்குத்தான அதுக எல்லாம் உள்ள கெடந்து பாடுபடப் போவுது?"

என் வாயில் வந்து நின்ற வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் வெச்சிருக்க" என்றேன்.

"வேலை முடிஞ்சிட்டா?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும். கை வலிக்கி."

அவளால்தான் நான்கு நாள் போயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. இன்றுவரை சொல்லவில்லை. ஐந்தையும் கழுவித் துடைத்து, மறுபடி அளந்து, மாட்டினேன். நீல மை பல்லின் நடுவில், ஒரு வேப்பிலை அளவுக்கு, எல்லாப் பற்களிலும் ஒரே மாதிரி அழிந்தது. நான் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் மகள் சொன்னபடி பஸ்ஸில் வந்து தார் ரோட்டில் இறங்கினாள். நான் ஜீப்பில் காத்திருந்தேன். அவள் முன்னால் ஏறி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றாள். பரீட்சை ஹாலில் வந்து நிற்கிற டீச்சர் முகம். முதல் கியர், அரை மிதி. ஓடைத் தாழ்வில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, வழுக்கி, பிடித்து, மேலேறியது. வீடு வரை போய்த் திரும்பினோம். வரும்போது பாதி வழியிலேயே அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

தார் ரோட்டுக்கு வந்ததும் இறங்காமலேயே, "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். பிறகு, "அம்மா போயிட்டா எனக்கு வீடு வெறிச்சுன்னு இருக்கும்ப்பா. அதச் சொல்லத் தெரியாமத்தான் ரோட்டச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லி அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது தடவியது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மறுநாள் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எட்டயபுரம் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தவள், வண்டிப்பாதையில் இறங்கியதும் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓடைத் தாழ்வில் சக்கரம் சேற்றில் இறங்கியது.

"இங்கனதான?" என்றாள்.

"ஆமா."

"நிறுத்துங்க."

சேற்றில் ஓடுகிற வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மண் பிடித்துக்கொள்ளும். அதைச் சொன்னேன். "சும்மா நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இரண்டு பக்கமும் மழைக்கு முன்பே விதைத்த உளுந்து அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"நீங்க கோவத்துல மிதிச்சு வண்டிய ஒடச்சதாப் பாக்குதவங்ககிட்டல்லாம் சொல்லுதீங்களாம்?"

"அதான உண்மை."

"எனக்கு நெஞ்சுதான் வலிச்சுது. கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்த ஒங்க கை ரெண்டும் கெடந்து நடுங்குச்சு. முப்பத்திநாலு வருசமா ஒங்க கோவத்தப் பாக்குதேன். கோவத்துல ஒங்க கை நடுங்காது. நீங்க பயந்துட்டீங்க. நான் போயிருவேன்னு பயந்துட்டீங்க."

ஒரு வருடமாக என் கோபம் அவளைக் கொல்லப் பார்த்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வலியிலும் அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பவும் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"எனக்கு இல்ல. எடுங்க."

முதல் கியர் போட்டு, அரை மிதி மிதித்தேன். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. பிறகு வண்டி நகர்ந்தது. கியர் மேல் இருந்த என் கை நன்றாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள். வீடு வரும்வரை நான் இரண்டாவது கியருக்கு மாற்றவே இல்லை.