மாணிக்கம் ஓட்டை போட்ட டின்கள்

மாணிக்கம் இறந்த செய்தி, கோவில்பத்தில் மகள் வீட்டில் நான் இருந்தபோது வந்தது. சொன்னவன் என் கொழுந்தன் மகன். சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னான்.

"பெரியம்மா, நம்ம ஓட்டை டின்னு போயிட்டாரு. சாயங்காலம் எடுக்கிறாங்களாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஏண்டா, அந்த மனுசனுக்குப் பேரு இல்லியா?" என்று கத்தினேன். அவனிடம் கத்தி என்ன பயன்? எங்கள் ஊர் விழிதியூரில் அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவளே நான்தான்.

பக்கத்தில் நின்ற பேத்தி செல்வி கேட்டாள்: "யாரு அம்மாச்சி, ஓட்டை டின்னு?" அவள் உயிரோடு நிற்பதற்குக் காரணமான ஆள் யார் என்று அவளுக்கே தெரியாது. நான் சொல்லவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊர்க்காரர்களே, மாணிக்கத்தை உங்களுக்குத் தெரியும். நம் வயல்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர். முதுகில் மருந்து மெஷின், மூக்கில் ஈரத்துண்டு, இடுப்பில் ஒரு சுத்தியலும் பெரிய ஆணியும். மருந்து தீர்ந்ததும் வரப்பில் குந்தி, டின்னில் நாலு ஓட்டை போட்டு, மிதித்து நசுக்கி, புதைத்துவிட்டுத்தான் கரையேறுவார். எங்கள் வயலில் முதல் தடவை அப்படிச் செய்தபோது நான் சண்டைக்கு நின்றேன். திருகுமூடியும் கைப்பிடியும் வைத்த டின். அதை ஒரு கூலி ஆள் ஓட்டை போடுவதா?

"ஏய் மாணிக்கம், யாரு வீட்டு டின்னுல ஓட்டை போடுற? புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடும். மழைக்காலத்துக்குத் தண்ணி புடிச்சு வைக்கலாம்."

"புளிக்கெல்லாம் போவாதும்மா. தகரம் மருந்தக் குடிச்சிடுச்சு."

"தகரம் குடிக்குமா? அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான். எங்கிட்ட கதை வுடாத."

"நீங்க படிச்சவங்க. எனக்கு மூக்குதாம்மா படிப்பு."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'ஏய்' என்றேன், அவர் 'நீங்க' என்றார். இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது இந்த மரியாதை ஒரு நாளும் என் வாயில் வரவில்லை.

ஓட்டை போடுவதோடு அவர் நிற்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் காரைக்கால் கடைத்தெருவில் அலைந்து, காலி எண்ணெய் டின், பிஸ்கட் டின், பால்பவுடர் டின் என்று வாங்கி வருவார். சீயக்காயும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவைத்து, தெருத்தெருவாகக் கொண்டு வருவார். மருந்து டின் ஒன்று கொடுத்தால் நல்ல டின் ஒன்று. "நெறப்பி, வாயக் கட்டி வச்சிக்குங்க. அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க. வெள்ளம் வந்தா கொளத்த நம்பாதீங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்லுவார்.

"என்னா மாணிக்கம், பழைய டின்னுக்குப் பேரீச்சம்பழம் கிடையாதா?" என்று கேட்டேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்த வருஷம் இரண்டு டின் கொடுத்தேன். புகையான் பூச்சிக்கு வாங்கிய மருந்தின் டின் ஒன்றை மட்டும் அவர் கண்ணில் படாமல் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவ்வளவு அழகான டின். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எட்டு நாள் வெயிலில் வைத்தேன். மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. தண்ணீர் நிரப்பி மூடினேன்.

பிறகு அந்தப் பெரும்புயல் வந்தது. குளத்தில் செத்த மாடுகள் மிதந்தன. கிணறுகளில் வெள்ளம் புகுந்தது. ரோடெல்லாம் மரம் விழுந்து ஒரு வண்டியும் வரவில்லை. நம் தெரு முழுக்க மாணிக்கம் கொடுத்த டின்களில் இருந்துதான் குடித்தது. தண்ணீரில் எண்ணெய் வாடை என்று அப்போதும் குறை சொன்னோம், வெட்கமில்லாமல்.

வந்திருந்த மகளையும் பேத்தியையும் சேர்த்து எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அவர் கொடுத்தது இரண்டாம் நாளே தீர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் குதிருக்குப் பின்னால் போனேன். முதல் தம்ளரைச் செல்விக்குத்தான் கொடுத்தேன். அவளுக்கு இரண்டரை வயது. சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் ஒழுகியது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மகள் அலறிய நேரத்தில் மாணிக்கம் வாசலில் நின்றார். எங்கள் வீட்டில் ஆள் அதிகம் என்று தன் வீட்டுத் தண்ணீர் டின்னைத் தோளில் தூக்கி வந்திருந்தார். குழந்தையின் வாயை மோந்து பார்த்தார். தம்ளரை மோந்து பார்த்தார்.

"எந்த டின்னும்மா?"

குதிருக்குப் பின்னால் கையைக் காட்டினேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டதும் பெயரைச் சொன்னார். எழுத்துத் தெரியாத மனுஷன், வாடையை வைத்துச் சொன்னார். பிள்ளை பிழைத்தாள்.

தெருவில் விசாரித்தவர்களிடம் நான் என்ன சொன்னேன்? "கொளத்துத் தண்ணி ஒத்துக்கல." மாணிக்கம் அங்கேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சுத்தியலும் ஆணியுமாக வந்தார். "நீங்களே அடிங்கம்மா" என்றார். நானே அந்த டின்னில் ஓட்டை போட்டேன். அப்போது சொன்னார்: "தெருவுல சொல்லுங்கம்மா. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. பேத்திக்கு என் கையாலேயே விஷம் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? என் கௌரவம் என்ன ஆவது? ஒவ்வொரு ஐப்பசிக்கும் டின் மாற்ற வந்தார். என் முகத்தைப் பார்ப்பார். கேட்கமாட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் சிரிக்கவிட்டேன்.

இப்போது அவர் சாவுக்கு வருகிறேன். பந்தலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்கள், பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் கேனில் இருந்து. லேபிளைக் கிழித்த இடத்தில் மண்டையோட்டுப் படம் பாதி ஒட்டியிருந்தது.

"யாரும் குடிக்காதீங்க!" என்று கத்தினேன். "அஞ்சல, அவரு ஆணி எங்க?" மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை அழுதுகொண்டே எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பையோடு சுத்தியலையும் ஆணியையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எழவு வீட்டுல என்னா பெரியம்மா இது?" என்றான் கொழுந்தன் மகன். "பிளாஸ்டிக்கு தானே, தகரமா குடிக்கிறதுக்கு?"

கேனில் நான்கு இடத்தில் ஆணி அடித்தேன். தண்ணீர் எல்லார் காலடியிலும் ஓடியது. செல்வியை முன்னால் இழுத்து நிறுத்தி, குதிருக்குப் பின்னால் ஒளித்த டின்னைப் பற்றிச் சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செல்வி என்னையே பார்த்தாள். அஞ்சலைதான் பேசினாள்.

"அவரு இருக்கையில சொல்லியிருக்கலாமேம்மா."

அதனால்தான் பந்தலில் இல்லாதவர்களுக்கும் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்த ஆணியை அஞ்சலை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். வாசலில் பதினேழு எண்ணெய் டின் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வருவேன். குதிருக்குப் பின்னாலும் பார்ப்பேன். பேரீச்சம்பழம் கிடையாதா என்று கேட்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.