வாவித் தண்ணீரில் ஊறிய வெங்காய உரி

"லாப் அண்ணா, என்ட கலமெல்லாம் சுருங்கிப் போச்சு."

உயர்தர வகுப்பு மாணவி நிரோஜினி இப்படிச் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும். தேற்றாத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து அப்போது ஐந்தாவது மாதம். நியமனம் ஆறு மாதத்துக்கு மட்டும். அன்று உயிரியல் செய்முறை வகுப்பைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்திருந்தார். வகுப்பைப் பற்றி எழுதும்போது என்னைப் பற்றியும் இரண்டு வரி எழுதித் தரும்படி அதிபர் அவரிடம் கேட்டிருந்தார். ஏழாவது மாதம் எனக்கு வேலை இருக்குமா என்பது அந்த இரண்டு வரியில் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. கானைத் திறந்த கை

செய்முறை மிகச் சாதாரணமானது. பெரிய வெங்காயத்தின் செதில் ஒன்றை எடுத்து, அதன் வெளிப்பக்கத்து ஊதா உரியை மெல்லிசாக உரித்து, ஸ்லைட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். செங்கல் அடுக்கியது போல வெங்காயத்தின் உயிரணுக்களான கலங்கள் தெரியும்.

உயிரியல் படிப்பிக்கும் பரீதா மிஸ் காத்தான்குடியிலிருந்து வருகிறவர். வகுப்புக்கு முந்தின நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"தம்பி, உரியெல்லாத்தையும் முன்னுக்கே உரிச்சி வெச்சிருங்க. சேர் வந்திரிக்கிற நேரம் புள்ளையள் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இரிக்கப்படாது. காயாமப் பாத்துக்கங்க."

காயாமல் இருக்கத் தண்ணீரில் போட வேண்டும். எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டிய விடயமா அது? ஆய்வுகூடத்தில் ஒரு வாளி குழாய்த் தண்ணீர் இருந்தது. பக்கத்தில், அடுத்த நாள் மிதவை உயிரிகள் பார்ப்பதற்காக நான் காலையில் அள்ளி வந்த ஒரு பிளாஸ்டிக் கான் வாவித் தண்ணீர். மழையில்லாத மாதம் என்பதால், கடலோடு கலக்கும் எங்கள் வாவி நன்றாக உப்பேறிப் போயிருந்தது.

என் அப்பா வாவியில் வலை வீசுகிறவர். எங்கள் வீட்டில் பிடித்த இறாலை, வாங்க ஆள் வரும்வரை வாவித் தண்ணீரில்தான் உயிரோடு வைப்போம். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். உயிருள்ள எதையும் உப்பில்லாத நல்ல தண்ணீரில் போடாதே என்பது எனக்கு நடக்கப் பழகியபோதே பழகிய விடயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். உப்புத் தண்ணீர் கலத்திலிருந்து நீரை உறிஞ்சும், அதற்குப் பிரசாரணம் என்று பெயர் எனப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கை வாவிக் கானைத்தான் திறந்தது. இரண்டு தட்டு நிறைய ஊற்றி, உரிகளை அதில் மிதக்கவிட்டு, சந்தோசமாக மூடியும் வைத்தேன்.

2. அண்ணா போட்ட கருவாடு

வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் தட்டிலிருந்த அதே தண்ணீரில் ஒரு துளி எடுத்து, உரியை விரித்து, கவர் ஸ்லிப்பைச் சரித்து மெதுவாக இறக்கினார்கள். சரித்து இறக்காவிட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். டிலக்சன் என்ற பெடியன் வருடம் முழுக்கக் காற்றுக் குமிழை வரைந்து "கலம்" என்று பெயரிட்டவன். கறுத்த கரையோடு வட்டமாகத் தெரிந்தால் அது காற்று. அன்று அவன்கூடக் குமிழ் இல்லாமல் போட்டிருந்தான்.

அப்போதுதான் நிரோஜினி கூப்பிட்டாள். பார்த்தேன். கலச்சுவர்கள் ஒழுங்காக இருந்தன. உள்ளே ஊதா மட்டும் சுவரை விட்டு விலகி, நடுவில் உருண்டையாக ஒதுங்கியிருந்தது.

"உரியக் காயவிட்டுட்டீங்க புள்ள. வேற ஒண்டு போடுங்க" என்றேன்.

போட்டாள். அதே உருண்டை. மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தரமும் அதே. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய புள்ளி கணிப்பீட்டில் சேரும். அதற்குள் அடுத்த மேசையிலும் "எங்கடயும் அப்பிடித்தான்" என்று குரல் வந்தது.

ஆலோசகர் எழுந்து வந்து நான்கு ஸ்லைட்டைப் பார்த்தார்.

"என்ன மிஸ், புள்ளையளுக்கு ஸ்லைட் போடவே பழக்கல்லயா?"

மிஸ்ஸின் முகம் விழுந்துவிட்டது. ஆலோசகர் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார். நான் மூலையில் இருந்த கானைப் பார்த்தேன். எல்லாம் விளங்கியது. பேசாமல் இருந்தால் பிழை பிள்ளைகளின் கைக்குப் போகும், மிஸ்ஸுக்குப் போகும். சொன்னால் அந்த இரண்டு வரி என்னவாகும் என்றும் தெரியும்.

"சேர், புள்ளையள்ட பிழ இல்ல. உரிய நான்தான் வாவித் தண்ணியில ஊறப் போட்டுட்டன்."

பின்னாலிருந்து டிலக்சன், "மிஸ், அண்ணா வெங்காயத்தில கருவாடு போட்டிரிக்காரு!" என்றான். வகுப்பே சிரித்தது.

"ஏன் தம்பி வாவித் தண்ணி?" என்றார் ஆலோசகர்.

"எங்கட வீட்ட றால உயிரோட வைக்க அதிலதான் சேர் போடுற."

"யா அல்லாஹ்!" என்றார் மிஸ். "வெங்காயம் எப்ப தம்பி வாவியில நீந்தினது?"

சிரிப்பு அடங்க முன் நிரோஜினி கேட்டாள். "மிஸ், இப்ப நல்ல தண்ணி விட்டா திரும்பி வருமா?"

மிஸ் ஆலோசகரைப் பார்த்தார். "செஞ்சு பாருங்களன்" என்றார் அவர்.

கலங்களுக்கு நிறமூட்ட வைத்திருந்த அயடீன் போத்தலை மிஸ் தூரத் தள்ளி வைத்தார். அது பட்டால் கலம் செத்துவிடும், செத்தது திரும்பாது. ஸ்லைட்டை அசைக்காமல், கவர் ஸ்லிப்பின் ஒரு கரையில் நான் குழாய்த் தண்ணீரைத் துளித்துளியாக விட்டேன். மறுகரையில் வடிதாள் துண்டை வைத்து உப்புத் தண்ணீரை இழுத்தேன். நிரோஜினி கண்ணை எடுக்கவில்லை.

"வருது... மிஸ், வருது! ஊதா சுவரில போய் முட்டுது!"

எல்லாம் வரவில்லை. சில கலங்கள் அப்படியே சுருங்கிக் கிடந்தன. ஆனால் பெரும்பாலானவை மெல்ல மெல்ல நிரம்பின. பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். ஆலோசகரும் வரிசையில் நின்றார். அவர் குனிந்தபோது டிலக்சன், "சேர், ஒரு கண்ண மூடாதீங்க. ரெண்டையும் திறந்து பாத்தாத்தான் களைக்காது" என்று அவருக்கே படிப்பித்தான்.

3. இரண்டு வரி

மறுநாள் அதிபர் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். முதல் வரி: "உதவியாளர் உரிகளைத் தவறான நீரில் வைத்தார்." இரண்டாவது: "அதை மாணவர் மீது போடாமல் உடனே சொன்னார், வேலையில் வைத்துக்கொள்ளலாம்."

"முதலாவது வரிய இனி எழுத விடப்படாது, என்ன?" என்றார் அதிபர்.

"ஓம் சேர்."

இப்போது ஒவ்வொரு கானிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளை "வேற மாதிரித் தெரியுது அண்ணா" என்றால், அந்தப் பிள்ளையின் கையைக் குறை சொல்லமுன் நான் எடுத்து வைத்த பொருட்களைப் போய்ப் பார்க்கிறேன். இந்த வேலையில் நான் படித்தது அதுதான்.

நிரோஜினியிடம் மன்னிப்புக் கேட்க அடுத்த கிழமைதான் எனக்கு வாய் வந்தது. மூன்று தரம் வீணாகப் போடவைத்துவிட்டேன் என்றேன்.

"பரவாயில்ல அண்ணா," என்றாள். "மூண்டாவதில ஒரு குமிழ்கூட இல்ல, பாத்தீங்களா?"